அரை மணி நேரம் தள்ளிப்போகும் சாயா

"ரிப்போர்ட்ல வேற பேரு போட்டுத் தருவியளாக்கா?"

தோவாளையிலிருந்து வந்த மலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வடசேரி லேப்பில் ரத்தம் எடுத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. டெஸ்ட் ரேட்டுக்குப் பேரம் பேசியவர்கள் உண்டு. பெயருக்குப் பேரம் பேசியவள் இவள் ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். தைராய்டு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். முடி கொட்டுகிறது, எந்நேரமும் தூக்கம். வீட்டிலோ அம்மா சோம்பேறி என்று ஏசுகிறாளாம்.

பெயரை மாற்ற முடியாது என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். தைராய்டு மந்தமானால் ஏறுகிற டி.எஸ்.எச். எகிறியிருந்தது, ஆன்டிபாடியும் பாசிட்டிவ். தைராய்டு அழற்சி என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற நோய் அது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதுண்டு. வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருத்தருக்கும் இல்லை என்று அடித்துச் சொன்னாள். இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் உண்மையான பதில் கிடைப்பது அபூர்வம்.

மாத்திரை சாப்பிடும் முறையைச் சொன்னேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி நேரம் கழித்துத்தான் சாயா. மலர் முழித்தாள்.

"எங்கம்மையும் அப்படித்தாங்க்கா குடிப்பா. சத்து மாத்திரைன்னு சொல்லுவா."

குப்பியில் வருகிற மாத்திரையா என்று கேட்டேன். ஆமாம், அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள் என்றாள். தைராய்டு மாத்திரைதான் பெரும்பாலும் அப்படிக் குப்பியில் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பூச்சந்தை வியாபாரத்தை முடித்துக்கொண்டு அம்மாவே மலரோடு வந்துவிட்டாள். மகளின் கல்யாணத்துக்காகத்தான் தன் நோயை மறைத்தாளாம்.

"எனக்க சீக்குக்குப் பிள்ளையப் போட்டு ஏசிட்டேனே" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டில் தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் கிளம்பினாள். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் மலரின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"எக்கா, மாப்பிள்ளைக்க அம்மை என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'சாயாவத் தள்ளிப் போடுறவ நான் ஒருத்திதான்னு நெனச்சேன்'ன்னா."

கல்யாணம் ஜோராக நடந்தது. லேப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டில் யாருக்கு நோய் என்று கேட்காதீர்கள். காலையில் யார் சாயாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.