விழுப்புரம் பஸ்ஸில் மட்டும் அக்கா

முதலில் வந்தது அக்கி. இடுப்பிலிருந்து முதுகு வரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. எங்கள் பக்கத்தில் அக்கிக்கு யாரும் ஆஸ்பத்திரி போக மாட்டோம். மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய், காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் எழுதிக்கொள்வோம். எழுதினார்கள், ஆறியது. திண்டிவனத்தில் என் தையல் மெஷினுக்குத் திரும்பினேன்.

ஒரு வருஷத்துக்குள் மறுபடி வந்தது. மறுபடி எழுதிக்கொண்டேன். இந்த முறை காய்ச்சல் விடவில்லை. தொளதொளவென்று ஆகிவிட்ட என் ஜாக்கெட்டுகளை நானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். காய்ச்சலுக்காகத் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என் முதுகைப் பார்த்தார்.

"என்னம்மா இது, சிவப்பா?"

"அக்கி எழுதினதுங்க. ரெண்டாந்தரம்."

அவர் குரல் இறங்கியது. "உன் வயசுக்கு இது ரெண்டு தடவை வரக் கூடாதும்மா. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடு. இங்கேயே நம்பிக்கை மையம் (ரகசியமாகச் சோதித்து ஆலோசனை சொல்லும் இடம்) இருக்கு. காசு கிடையாது."

இங்கேயேவா! அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவளே நான்தான். தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

"இருக்கும்மா" என்றார் விழுப்புரத்தில் ஆலோசனை சொன்ன பெண். "மாத்திரையை விடாம சாப்பிட்டா நல்லா இருக்கலாம்."

போர்வெல் போடுகிற வண்டியில் ஊர் ஊராகப் போய், கடைசியில் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரரை அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு அவருக்காகவும் அழுதேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது நல்லதாகப் போயிற்று என்று அன்றுதான் முதல் தடவை நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் ரொம்ப வலித்தது.

ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு (கிருமியைப் பெருகாமல் அடக்கி வைக்கும் கூட்டு மருந்து) விழுப்புரத்திலேயே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் தெருக்கோடி வீட்டுச் செல்வி அக்கா. என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர். நான் முந்தானையால் முகத்தை மூடினேன். அவரும் மூடினார். திரும்பும் பஸ்ஸில் அவர் முன்னால், நான் கடைசி சீட்டில்.

மாத்திரை குமட்டியது. தலையைப் பிடித்துக்கொள்ளக்கூட வீட்டில் ஆளில்லை. அதைவிடப் பெரிய பயம், அந்த அம்மா வாயைத் திறந்தால் என் பிழைப்பு போயிற்று. அடுத்த மாதம் விழுப்புரம் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் செல்வி அக்கா ஜாக்கெட் துணியோடு வந்தார். தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மாத்திரை வவுத்தப் பொரட்டுதா? எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு, போகப் போக சரியாப் போச்சு. நிறுத்திடாத. மாத்திர வாங்கற திங்கக்கெழம ஜல்தியா வந்துடு, ஜன்னலோரம் எடம் புடிச்சி வெச்சிக்கினு இருப்பேன்."

"உங்க வூட்ல தெரியுமாக்கா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ஒனக்கு மட்டுந்தான்."

அப்புறம் வருஷக்கணக்கில் அந்த பஸ்தான் எங்கள் வீடு. அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) உரித்துத் தின்றுகொண்டு ஊரையே கிண்டல் பண்ணுவோம். திண்டிவனத்தில் இறங்கியதும் அவர் யாரோ, நான் யாரோ. தெருவில் பார்த்தால், "ஜாக்கெட் ரெடியாம்மா?" "நாளைக்கு வாங்க." அவ்வளவுதான். என் உடம்பு தேறியது. பிடித்துத் தைத்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தாள். வீடு நிறைய சம்பந்தி ஜனம்.

"மாத்திர டப்பாவ எங்க ஒளிக்கிறது? பேஜாரா கீது. கொஞ்ச நாளிக்கி நிறுத்திக்கினு இருக்கேன்."

"பைத்தியமாக்கா உங்களுக்கு? எங்கிட்ட குடுத்து வைங்க, தெனம் ஜாக்கெட் கேக்கற மாதிரி வந்து மாத்திரையப் போட்டுக்கினு போங்க."

"தெனம் வந்தா சந்தேகப்பட மாட்டாங்களா? போமே."

அடுத்த மாதம் ஜன்னலோரம் யாரும் இல்லை. எந்த உரிமையில் போய் விசாரிப்பது? தைத்து வைத்திருந்த அவர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். "அம்மா படுத்துக்கினு இருக்காங்க." உள்ளே இருமல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

டி.பி.யில் போய்விட்டார் என்று சொல்லி அக்காவை எடுத்துப் போட்டார்கள். சாவு வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். ஜாக்கெட் தைக்கிறவள் எவ்வளவு அழலாமோ, அவ்வளவுதான் அழ முடிந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒரு டப்பா இருந்தால், வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கும் இடம் தெரியட்டும். எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

இப்போது மாத்திரை திண்டிவனத்திலேயே கிடைக்கிறது. முகத்தை மூடாமல்தான் போய் நிற்கிறேன். அக்கி வந்த இடம் மட்டும் சில நாள் சுரீரென்கிறது. விழுப்புரம் போக வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை உடம்பு தானாக விடியற்காலையில் எழுந்துகொள்கிறது. தலை வாரி, பையை எடுத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, அந்த பஸ்ஸில் எனக்காக யாரும் இடம் பிடித்து வைத்திருக்கவில்லை என்று.