கிரைண்டர் பக்கத்தில் படித்த வானம்

ஊறின உளுந்துக்கு ஒரு பச்சை வாடை உண்டு... அதோடு கிரைண்டர் கல் உருளுகிற கரகர சத்தம். எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் இந்த இரண்டும்தான்.

கருவடிக்குப்பத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறேன். அன்றைக்கும் இதே வேலை, இன்றைக்கும் இதே வேலை. ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு குரல் கேட்கும். என் மகள் சுகந்தியின் குரல்.

காலேஜில் முதல் வருஷம் படித்தபோது, வானத்தைப் பற்றி ஒரு பாடம் எடுத்திருந்தாள். சூரியன், நட்சத்திரம், அதுக்கும் அப்பால் இருக்கிறதெல்லாம். புத்தகம் பூராவும் இங்கிலீஷ். நானோ அஞ்சாவதோடு நின்றவள். எனக்கு எதுக்குடி இதெல்லாம் என்பேன். விடமாட்டாள்.

“உனக்குத் தமிழ்ல சொன்னாத்தாம்மா எனக்கே புரிஞ்சிதா இல்லியான்னு தெரியும். கதை கேக்கற மாதிரி உம் கொட்டிக்கினே இரு.”

“புரியலன்னா?”

“உம் கொட்டாத. நான் மொதல்லேர்ந்து சொல்றேன்.”

இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. என் கை மாவைத் தள்ளிக்கொண்டிருக்கும், வாய் உம் கொட்டிக்கொண்டிருக்கும். சில நாள் வேண்டுமென்றே நிறுத்திவிடுவேன். “புரிஞ்சிக்கினே கம்முனு இருக்க நீ” என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

ஒரு நாள் கிரைண்டருக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னாள். உளுந்து நுரைத்து, வெள்ளை வெள்ளையாக வளைந்து சுற்றிக்கொண்டிருந்தது.

“நம்ம பால்வெளி இப்படித்தாம்மா சுத்துது. நம்ம சூரியன் ஓரமா எங்கியோ ஒரு பொட்டு.”

“அப்ப பாண்டிச்சேரி?”

“அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.”

“நம்ம தெருவுக்கு டவுன் பஸ்ஸே வர்றதில்ல. அங்கேர்ந்து பாத்தா எங்க தெரியப் போவுது.”

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு... கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பாடம் முடிகிற சமயம், சார் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு வாயால் கேள்வி கேட்டாராம். நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று இவளைக் கேட்டிருக்கிறார். இரண்டு வரி சொன்னாள், நின்றுவிட்டாள். அவர் இவள் முகத்தைப் பார்க்கிறார், இவள் அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

“சார், உம் சொல்லுங்க சார்”னு கேட்டுவிட்டாளாம்!

வீட்டுக்கு வந்து சொல்லும்போது வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அய்யய்யோ... அவரு இன்னாடி சொன்னாரு?”

“சிரிச்சிட்டு, உம்முன்னாரும்மா. அப்புறம் கடகடன்னு சொல்லிட்டேன்.”

பாஸ் ஆகிவிட்டாள். பரீட்சை முடிந்த பிறகும் அவள் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை, நானும் உம் கொட்டுவதை நிறுத்தவில்லை.

லீவில் ஒரு காலை. மாவு பொங்கி பாத்திரத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. கழுவும்போது போகாத கறுப்புத் தோல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

“நேத்து இந்தத் தோலுங்கெல்லாம் கிட்ட கிட்ட இருந்திச்சில்ல? மாவு பொங்கப் பொங்க ஒண்ணவுட்டு ஒண்ணு வெலகிப் போயிடிச்சி பாரு. பிரபஞ்சமும் இப்படித்தாம்மா, பொங்கிக்கினே இருக்கு.”

“உம்... பொங்கிப் பொங்கி, கடைசில வழிஞ்சிட்டா இன்னாடி ஆவும்?”

“வழியறதுக்கு அதுக்குப் பாத்திரமே கெடையாதும்மா.”

“பாத்திரம் இல்லாம மாவா?”

அதற்கு நான் உம் கொட்டவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

“கடைசில இன்னா ஆவும்ன்றது எங்க பேப்பர்ல இல்லம்மா. அடுத்த வருஷம் வருமாம். படிச்சிட்டு உனக்குத்தான் மொதல்ல சொல்வேன்.”

சரி, அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று மாவைக் கரண்டியால் கலக்கி பாக்கெட் போட உட்கார்ந்துவிட்டேன். நமக்கென்ன தெரியும்...

அடுத்த வருஷம் அந்தப் பாடம் வருவதற்கு முன்னாலேயே, மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா நல்லவங்க. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாங்க.

“அழுவாதம்மா. ராத்திரில மேல பாரு, நட்சத்திரமா இருப்பா உன் பொண்ணு.”

எல்லோருக்கும் சொல்கிற ஆறுதல்தான். எனக்கு மட்டும் அது உதவவில்லை. நட்சத்திரம் என்றால் எரிகிற வாயு உருண்டை, செத்தவங்க அங்கே போவதெல்லாம் சும்மா என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. அதற்கு நான் உம் கொட்டியிருக்கிறேன். புரிந்துதான் கொட்டினேன். இப்போது புரியாத மாதிரி எப்படி மேலே பார்ப்பது?

சில சமயம் தோன்றும்... இந்த ஒன்றை மட்டும் அவள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கடைசியில் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பேப்பரில் இல்லாவிட்டால் என்ன, உனக்குத் தோன்றியதைச் சொல்லுடி என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

இப்போது கையில் போன் இருக்கிறது. வாயால் கேட்டால் போதும், எதை வேண்டுமானாலும் தேடிக் கொடுக்கிறது. போன வாரம் துணிந்து கேட்டேன், பிரபஞ்சம் கடைசியில் என்ன ஆகும் என்று. ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருத்தர் நல்ல தமிழில்தான் பேசினார். போனை ஜன்னல் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கிரைண்டரைப் போட்டேன்.

என்னை அறியாமல் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் இடத்தில் புரியவில்லை. உம் கொட்டுவதை நிறுத்தினேன். மாவைத் தள்ளின கையோடு, போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.