அறிவியல் பரீட்சைக்கு முந்தின நாள்

மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அமுக்கிக்கொள்கிற நீல இன்ஹேலருக்கு எங்கள் வீட்டில் ‘பம்பு’ என்று பெயர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நான் எடுத்துப் போனவை ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல், பம்பு. முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. மேற்பார்வைக்கு வந்த சார் பம்பைக் கையில் வாங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே பிட்டு ஏதும் சுருட்டி வைத்திருக்கிறேனா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! “அமுக்கிப் பாருங்க சார், செய்யுள் வருதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல மனுசன், அவரும் சிரித்துவிட்டு, வேண்டும்போது கையைத் தூக்கு என்று சொல்லி அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். எனக்கு மூச்சுதான் குட்டை, வாய் நீளம்.

இழுப்பு உள்ள பிள்ளை பரீட்சை எழுதுவது மற்றவர்கள் எழுதுகிற மாதிரி கிடையாது. பரீட்சைக்கு என்றுதான் பள்ளிக்கூடத்து அறைகளை அடித்துக் கூட்டுவார்கள். வருடம் முழுக்கப் படிந்த தூசி கிளம்பி ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் போய் உட்கார வேண்டும். குனிந்து எழுதினால் நெஞ்சு அடைக்கும். நிமிர்ந்தால் எழுத்து கோணும். பம்பை அடித்தால் மூச்சு வந்துவிடும், ஆனால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். எழுத்தெல்லாம் கோழி கிண்டின மாதிரி ஆகிவிடும். அந்த நடுக்கம் அடங்குகிறவரைக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடிகாரம் அது பாட்டுக்கு ஓடும்.

நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஒவ்வொரு தடவையும் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, “மெதுவா இழும்மா, மெதுவா” என்று சொன்ன அக்காக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் கிடைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் மார்க்கைப் பார்த்துத்தான் அந்த குரூப்பைக் கொடுப்பார்கள். ஆகவே மற்ற பரீட்சைகள் எப்படிப் போனாலும் அறிவியல் பரீட்சை எனக்கு உயிர். அப்பா கம்பெனி வேனில் ஏறுகிற எல்லோரிடமும், “எம்மக நர்சுக்குப் படிக்கப் போறா” என்று சொல்லி வைத்திருந்தார். பத்தாவதே முடிக்கவில்லை, அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கலவை போடுகிற அறையில் வேலை பார்த்தார். அலுமினியப் பவுடர் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் வேலை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது வெள்ளி பூசின சிலை ஒன்று தூக்குவாளியோடு நடந்து வருகிற மாதிரி இருக்கும். அதுவும் கம்பெனியிலேயே அவசரமாக ஒரு குளியல் போட்டுவிட்டு வந்த பிறகு. என்ன குளித்தும், காது மடலுக்குள்ளும் நகக்கண்ணிலும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, அப்படி வந்து இறங்கியவர் மேல் ஓடிப்போய்த் தாவி ஏறியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் இழுப்பு. தூசியே இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா என்னைத் தொடவில்லை. இது நான் மிகைப்படுத்திச் சொல்கிற பேச்சு இல்லை. கொல்லைக் குழாயில் இன்னொரு தடவை குளித்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, வாசலிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். எனக்கு வாங்கி வந்த பண்டத்தைக்கூட அம்மா கையில் கொடுத்துத்தான் என்னிடம் கொடுக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான். “ஒடம்புக்குள்ள ஊறிக் கெடக்குத்தா, ஒரு நாள்ல போகாது” என்பார். வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். கேட்டவர்கள் யாரும் வேலை வாங்கித் தரவில்லை.

அப்பாவுக்குச் சாமி பக்தி கிடையாது. அம்மா கோயிலுக்குக் கிளம்பினால், “ஏன் பிள்ள, அங்கன போயிட்டு வந்தவுக எல்லாருக்கும் மூச்சு சொகமா வருதோ?” என்று கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட மனுசன், பொதுத்தேர்வுக்கு முந்தின திருப்புதல் தேர்வு அன்றைக்குக் கூட்டிப்போக வந்த இடத்தில், என்னை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்ததைப் பார்த்தார். உதடெல்லாம் நீலம் பாரித்து நான் கிடந்தேனாம். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறியபோது கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார்.

காப்புக் கட்டின நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. விரதத்துக்கு லீவு சொல்லிவிட்டார். காலையும் மாலையும் குளியல். மஞ்சள் வேட்டி. கண்ணாடி முன்னால் நின்று காதுக்குள் துணியை விட்டு விட்டுத் துடைத்துப் பார்ப்பார். விரதம் என்றால் இவ்வளவு சுத்தம் வேண்டும்போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சட்டி எடுக்கிற நாளுக்கு மறுநாள் எனக்கு அறிவியல் பரீட்சை. அன்றைக்கு விருதுநகர் முழுக்கச் சட்டிப் புகையாக இருக்கும் என்பதால் என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. நாளைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டார். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. நெருப்புச் சட்டி ஏந்திய உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. கண்ணும் சிவந்திருந்தது. முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“ஏத்தா, இங்கன வா. இன்னைக்கு அப்பா மேல பொட்டுத் தூசி கெடையாது. கம்பெனிப் பக்கமே போகல. இன்னைக்குத் தொடலாம்.”

அவ்வளவுதான். சட்டிச் சாம்பலை என் நெற்றியில் பூசினார். நெஞ்சில் பூசினார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். “இனி ஒனக்கு ஒண்ணும் வராது பாரு” என்றார். அழுதார் என்று நினைக்கிறேன், அவர் மார்பு குலுங்கியது.

அவர் மேல் கட்டைப் புகை, எண்ணெய்ப் புகை, கருகின வேப்பிலைப் புகை எல்லாம் இருந்தது. தலைமுடியிலும், மார்பிலும், வேட்டியிலும். அலுமினியப் பவுடரை இத்தனை வருடமாக என்னிடம் அண்டவிடாத மனுசனுக்கு அது புகையாகவே தெரியவில்லை. அது சாமி அல்லவா, அது எப்படிப் புகையாகும்? எனக்குத் தெரிந்தது. வாடை மூக்கில் ஏறியதுமே நெஞ்சுக்குள் கதவு சாத்துகிற மாதிரி ஆகிவிட்டது. தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அப்பா கை என் முதுகில் இருந்தது. எத்தனை வருடம் ஆயிற்று! நாளைக்குப் பரீட்சை என்று நினைவிருந்தும் நான் அசையவில்லை. இன்றைக்கு அப்படி நடந்தாலும் அசைய மாட்டேன், போங்கள்.

பம்பு அடித்தும் கேட்கவில்லை. அப்பாவே என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அம்மா விசிறிக்கொண்டே, “தாயே, இன்னைக்குமா? இன்னைக்குமா?” என்று புலம்பிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். எனக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தவர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன இது, இம்புட்டுப் புகை வாடை? நீங்களா? இந்த வேட்டியோடயா பிள்ளையத் தூக்கிட்டு வந்தீங்க?”

“சட்டி எடுத்தேம்மா. பிள்ளைக்காகத்தான்.”

“பிள்ளைக்காகவா? நீங்கதான்யா பிள்ளைக்கு இதை இழுத்துவிட்டதே! மொதல்ல வெளிய போங்க.”

டாக்டர் மேல் தப்பு இல்லை. அவர் தன் வேலையைப் பார்த்தார். ஆனால் அப்பா முகம் இருந்த இருப்பு இருக்கிறதே... எதிரிக்கும் அப்படி ஒரு முகம் வரக்கூடாது. என்னைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். மாஸ்க்குக்குள் இருந்து, “போகாத” என்று சொல்லப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

விடிந்ததும் அம்மா, “உசுரு முக்கியமா, பரீட்ச முக்கியமா?” என்றாள். “ரெண்டுந்தான்” என்றேன். ஜூனில் எழுதிக்கொள்ளலாமே என்று டாக்டர் சொன்னார். ஜூனுக்குள் சீட்டு எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை மாஸ்க் வைத்துவிட்டு அனுப்பினார்கள். நெஞ்சு லேசாகியிருந்தது. ஆனால் கை? கையைப் பார்த்தேன், காற்றடித்த இலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்ததும் பம்பை என் மேசையிலேயே வைத்துவிட்டார். கேள்வித்தாளைத் திருப்பினேன். பூவின் நீள்வெட்டுத் தோற்றம் கேட்டிருந்தார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரைந்தேன். பென்சில் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. அழித்தேன், வரைந்தேன், தாள் கிழிந்தது. பாகங்களை மட்டும் குறித்துவிட்டு விட்டுவிட்டேன். கேள்வி ஒவ்வொன்றும் தெரிந்த கேள்வி. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வரி எழுதி, நிமிர்ந்து மூச்சு வாங்கி, மறுபடி ஒரு வரி. பெரிய கேள்விகளுக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. டீச்சர் தாளை உடனே பிடுங்கவில்லை. மற்ற எல்லோரிடமும் வாங்கிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார்.

மார்க் வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் நன்றாக எடுத்திருந்தேன். அறிவியலில் பாஸ், அவ்வளவுதான்.

பயாலஜி குரூப் கேட்டுப் பார்க்கலாம் என்று விருதுநகரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அப்பா துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். தலைமையாசிரியை அறையில் நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா கதவோரத்தில் நின்றுகொண்டார். “உள்ள வாங்க” என்று தலைமையாசிரியை சொல்லியும் வரவில்லை.

“டீச்சர், பிள்ள மேல தப்பு இல்ல. அவ எல்லாத்தையும் படிச்சிருந்தா. நாந்தான்... பரீட்சைக்கு மொத நாள் புகையோட வந்து பிள்ளையத் தொட்டுட்டேன். தெரியாமத் தொட்டுட்டேன் டீச்சர். இனிமே தொட மாட்டேன். அவளுக்கு அந்த குரூப்பைக் குடுத்துருங்க.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பயாலஜிக்கு என்று வைத்திருக்கிற மார்க்குக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் கொடுக்க முடியாது, மேலே எடுத்த பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள், காமர்ஸ் எடுக்கட்டும், கெட்டிக்காரப் பிள்ளை, நல்லா வருவாள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் காமர்ஸ் எடுத்தேன், படித்தேன், இன்றைக்கு விருதுநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் ஆகாததற்கு அழுது தீர்த்துவிட்டேன், இப்போது அழுவதில்லை. ஆனால் ‘தெரியாமத் தொட்டுட்டேன்’ என்று ஒரு தகப்பன் டீச்சர் முன்னால் மன்னிப்புக் கேட்டாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. என்ன குற்றம் செய்துவிட்டார்? பெற்ற பிள்ளையைத் தொட்டார்.

வெளியே வந்ததும் மொபெட்டை எடுத்தார். அறிவியலுக்கு முந்தின பரீட்சைகளுக்கெல்லாம் அதில்தான் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன், எங்கள் இருவருக்கும் நடுவில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு. பழக்கத்தில் ஏறப் போனேன்.

“நீ பஸ்சுல போத்தா. நா பின்னாடியே வாரேன்” என்றார்.

“ஏன், பை இருக்குல்ல நடுவுல?”

“பஸ்சுல போத்தா.”

சிவகாசி பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. ஓட்டை பஸ், கிளம்பும்போதே கரும்புகையாகக் கக்கியது. திரும்பிப் பார்த்தால் அப்பா அதற்கு நேர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். ரோடு சும்மாதான் கிடந்தது, முந்திப் போயிருக்கலாம். முந்தினால் என்னைப் பார்க்க முடியாது என்று பின்னாலேயே வந்தார். அந்த வெள்ளைச் சட்டை எங்கள் ஊர் வருவதற்குள் கறுத்துவிடும் போலிருந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, “முன்னாடி போப்பா! புகைய எதுக்குக் குடிக்கிற? முன்னாடி போ!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் இருமிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினார். ஜன்னலைச் சாத்து, புகை உள்ளே வரும், சாத்து சாத்து என்று கையை ஆட்டினார்.