பைக்குள் இருந்த செருப்பு

பேங்க் வேலையாக மலையிலிருந்து இறங்கி வந்த தங்கச்சிக்குச் செருப்பு வாங்கினேன். பிரித்ததும் அதே புது ரப்பர் வாசம்.

எழுபதுகளில் பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். எங்கள் மலையூர் முழுக்கச் சாமி இடம் என்பதால், அதற்குள் செருப்பு நுழையக் கூடாது. எல்லைக் கல்லிலேயே கழற்றிவிட வேண்டும். லீவுக்குப் போனபோது, புதுச் செருப்பை விட்டுப்போக மனசில்லாமல் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன்.

அன்றைய மழையில் பாதை சரிந்தது. "யாரோ செருப்பக் கொண்டாந்திருக்காக" என்றார் ஊர்ப் பெரியவர். எல்லோரும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கீழேயிருந்து வந்த டீச்சரைப் பார்த்தார்கள்.

"நான் அங்கனயே கழட்டிட்டேன்யா" என்றார் டீச்சர். யாரும் நம்பவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வாயே திறக்கவில்லை. டீச்சர் மலையிறங்கிப் போனார். அதற்குப்பின் பள்ளிக்கூடத்துக்கு வேறு டீச்சர் யாருமே வரவில்லை.

தங்கச்சி அப்போதுதான் 'அ' எழுதப் பழகியிருந்தாள். இப்போது பேங்க் ஃபாரத்தின் மேல் மை தடவிய கட்டைவிரலோடு கேட்கிறாள்: "எங்கனக்கா வைக்கணும்?"