தனம் மெஸ்ஸின் தகரப் படங்கள்

போன புதன்கிழமை முற்பகல், அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் டியூட்டியில் இருந்தபோது, பெரம்பலூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. உள்ளூர் ரைஸ் மில் ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, குரல் சரியாகக் கேட்கிறதா என்று காதுகொடுத்தேன். அந்தப் பக்கம் பேசியது செல்வி. தனம் மெஸ் தொடங்கிய நாளிலிருந்து அதன் அடுப்படியில் நிற்பவள். "தனம் அக்கா காலையில போயிட்டாங்க. அவங்க அண்ணனுங்களுக்குச் சொல்லிடுங்க" என்று மில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இணைப்பின் நடுவே ஆபரேட்டர் பேசக் கூடாது. பேசிவிட்டேன். "செல்வி, நான் வசந்தா." "நேத்துக்கூட சாம்பார்ல உப்பு கம்மின்னு என்னைத் திட்டுனாங்கக்கா" என்று சொல்லி அழுதாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்குத் தனபாக்கியத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக அவர் மெஸ்ஸின் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் அப்பா அரியலூரில் பத்திரிகை ஏஜெண்ட். ரயிலில் வரும் கட்டுகளில் ஒரு சிரிப்புப் பத்திரிகையும் உண்டு. கடை வாசலில் மாட்டுவதற்காக, அதன் அட்டைப்படங்களைத் தகரத்தில் அச்சடித்து அனுப்புவார்கள். பத்திரிகை நின்றுபோன பிறகு அந்தத் தகரங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரையாயின. அப்பா இறந்து பாகம் பிரித்தபோது, தனம் அக்கா அந்தக் கூரையைக் கேட்டார். அண்ணன்கள் சிரித்தார்களாம். "சிரிக்கத்தானே கேக்கறேன், குடுங்க" என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போது அவர் கணவர் லாரி விபத்தில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெஸ் தொடங்க இடம் பிடித்து, சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவைத் துடைத்துத் துடைத்து மஞ்சளும் சிவப்புமாகப் படங்களை வெளியே கொண்டுவந்தார். மேலே மாட்டலாம் என்ற ஆசாரியிடம், "நின்னு பாக்கறதுக்கு இல்லீங்க. ஒக்காந்து சாப்பிடறவங்க கண்ணுக்கு நேரா அடிங்க" என்றாராம். புருஷனைப் பறிகொடுத்தவள் சிரிப்புப் படம் மாட்டுகிறாள் என்று தெருவில் பேசினார்கள். அவர் காதுபடவும் பேசினார்கள். "அழுவுறதுக்கு வூடு இருக்கு. சோறு திங்கிற எடத்துல சிரிக்கட்டும்" என்பதுதான் அவர் பதில். என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண்கள் தனியாக மெஸ்ஸில் சாப்பிடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. கண்டக்டர்களும் டிரைவர்களும் நிறைந்த கூடத்தில் நுழைந்து, மூலையில் ஒதுங்கப் பார்த்தேன். கையில் கரண்டியோடு வந்தார். "மூலையில என்ன இருக்கு? நடுவுல ஒக்காருங்க. அங்கேருந்துதான் படம் நல்லாத் தெரியும்." எனக்கு நேரே ஒரு தகரம். குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் கணவன் ஒளிந்திருக்கிறான்; மனைவி குனிந்து சொல்கிறாள்: "அபாயச் சங்கு இல்லீங்க, பக்கத்து வீட்டுப் பாட்டு கிளாஸ்." எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வராது அவர் சிரிப்பில்.

எல்லோரும் கேட்டுப் பார்த்த படம் வேறொன்று. மண்ணெண்ணெய்க் கடை வாசலில் நீண்ட வரிசை. அந்த வரிசையில் நின்றபடியே ஒருவன் பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான். ஐயரும் மேளக்காரரும் டின்னோடு வரிசையில் நிற்கிறார்கள். கீழே, "முகூர்த்தம் போனால் வேறு வரும், இடம் போனால் வராது" என்று எழுதியிருக்கும்.

எமர்ஜென்சி வந்த பிறகு, ஊரில் மண்ணெண்ணெய்க்கு நிஜமாகவே வரிசை நின்ற சமயம், சாப்பிட வந்த ஓர் அதிகாரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு, "இதைக் கழட்டும்மா. அரசாங்கத்தைக் கேலி பண்ற மாதிரி இருக்கு" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். "சார், இதை வரைஞ்சவன் வெள்ளைக்காரனைக் கேலி பண்ணி வரைஞ்சான். ஒங்களுக்கு ஏன் சார் குத்துது?" என்று தனம் அக்கா கேட்டார். கூடத்தில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினையானது.

சுகாதாரக் குறைவு என்று காரணம் எழுதி மெஸ்ஸைப் பூட்டினார்கள். படத்தை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆள் வந்து சொன்னார்கள். நானும் சொன்னேன். "ஒரு தகரத்துக்காகவா அக்கா?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு இதைக் கழட்டுவேன். நாளைக்கு உன்னை நடுவுல ஒக்காத்தி வச்சிருக்கேன்னு சொல்லுவான். அப்ப உன்னையும் கழட்டணுமா வசந்தா?"

வீட்டிலேயே சமைத்தார். டிரைவர்கள் தூக்குச்சட்டியோடு அங்கே போனார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தகரத்தைப் பழைய சேலையில் சுற்றி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடப்பார். உள்ளே விட மாட்டார்கள். வேப்பமரத்தடியில் தகரத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்துவிடுவார். மனுக் கொடுக்க வந்தவர்கள் கூடிப் பார்த்துச் சிரிப்பார்கள். வாரக்கணக்கில் அப்படிப் போனார். கடைசியில் மேலதிகாரி ஒருவர் உள்ளே கூப்பிட்டு, படத்தைப் படித்துப் பார்த்து, திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அக்கா வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு. "கொஞ்சங்கூட சிரிக்கல வசந்தா அந்தாளு. பாவம், வூட்டுல என்ன கஷ்டமோ."

அவர் எல்லோருக்கும் இனிமையானவர் அல்ல. சோற்றை வீணாக்கினால் யாராக இருந்தாலும் திட்டுவார். மாற்றலாகி நான் அரியலூர் போனபோது, வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வரவே இல்லை. "சாதம் வடிக்கிற நேரம்" என்று சொல்லியனுப்பினார்.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். கட்டட உரிமையாளர் அந்த இடத்தை ஜவுளிக்கடைக்குக் கேட்கிறார். அண்ணன்கள் தகரங்களைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். செல்வி மட்டும் கதவை மறித்து நின்றாள். "சமைக்க எனக்குத் தெரியும். மெஸ்ஸு நடக்கும். ஒரு ஆணியைக்கூடப் புடுங்க விடமாட்டேன்" என்றாள். கதவை விட்டு நகரவில்லை.

தனம் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவர் பிடிவாதத்தை. வருகிற திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். செல்வியும் நானும் கட்டட உரிமையாளரைப் பார்க்கப் போகிறோம். முடியாது என்றால் மறுநாளும் போவோம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சிரித்துச் சாப்பிட்டவர்கள் எங்களோடு வாருங்கள்.