நாற்பது எழுத்து வரி

திருத்தணியில் மொட்டை அடித்த தலைக்குச் சந்தனம் குழைத்துப் பூசுவார்கள் அல்லவா, அந்த ஈரச் சந்தன வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முருகன் நினைவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு மோடத்தின் கீச்சல்தான் காதில் கேட்கும். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மொட்டை போடும் இடத்துக்கு எதிர்வரிசையில்தான் என் அக்கா வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கும் சென்டர் வைத்திருந்தார். எங்கள் பக்க வழக்கப்படி அவர் எனக்குப் 'பாவா'. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் அங்கே ஓடிவிடுவேன்.

இணையம் என்ற சொல்லே எங்கள் ஊருக்கு வந்து சேராத காலம் அது. பாவா மோடம் என்ற பெட்டி வழியாகத் தன் கம்ப்யூட்டரோடு டெலிபோன் லைனைச் சேர்த்து ஒரு 'போர்டு' நடத்தினார். வெளியே எங்கிருந்தோ ஒருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்குப் போன் போட்டால், நேரே உள்ளே வந்து மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படிக்கலாம், தானும் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். திரைக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. மோடம் கத்தத் தொடங்கியதும், "போனு பேசறதுக்கா, கத்தறதுக்கா மாப்ள?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

இருந்தது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு சத்தம்தான். கிருத்திகைக் கூட்டத்தில் கருவறை முன்னால் 'நகரு, நகரு' என்று தள்ளிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதையே எங்கள் வழக்கமாக வைத்துக்கொண்டோம். படித்தாயா, எழுதினாயா, கடைசியில் 'பாத்துட்டேன், நகர்றேன்' என்று போட்டுவிட்டு லைனை விட்டுவிட வேண்டும். அப்படி எழுதாமல் போனவரை அடுத்து வந்தவர் கிண்டல் செய்தே ஒரு வழி பண்ணிவிடுவார்.

வந்தவர்களின் கம்ப்யூட்டர்களோ ஆளுக்கு ஒரு ஜாதி. கே.ஜி.கண்டிகை ரைஸ் மில்லில் ஒன்று, அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள் வீட்டில் இரண்டு மூன்று, ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை கிடையாது. ஒன்றில் எழுதிய பிளாப்பியை இன்னொன்றில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாவற்றிலும் பழையது மணவூர் ராஜேஸ்வரி அக்காவுடையது. வெளிநாட்டில் இருந்த தம்பி விட்டுவிட்டுப் போன சின்னப் பெட்டி அது, பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், வீட்டு டிவியில் செருகித்தான் படிக்க வேண்டும். அந்த டிவியில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துதான் பிடிக்கும். மற்றவர்கள் திரையில் எண்பது பிடித்தாலும், நாங்கள் எல்லோரும் நாற்பதிலேயே வரியை மடக்கினோம். யாரும் சட்டம் போடவில்லை. அக்காவுக்கு வார்த்தைகள் பாதியில் உடைகின்றன என்று தெரிந்ததும் ரைஸ் மில்காரர் மடக்கினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் மடக்கினார்கள்.

படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை விட்டு ராஜேஸ்வரி அக்காவால் வாசலைத் தாண்ட முடியாது. ஜன்னலில் மணவூர் ஸ்டேஷன் தெரியும். எந்த வண்டி நிற்கிறது, எது வரவே இல்லை, பிளாட்பாரத்தில் யார் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் எழுதுவதைப் படிக்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு வெளியே என்று இருந்தது அந்தப் போர்டு ஒன்றுதான். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதும் இல்லை, ஆனால் சொந்த அக்காவைவிட அவரிடம்தான் அதிகம் பேசினேன்.

அப்போதுதான் தினேஷ் வந்தான். அரக்கோணத்தில் இருந்து வந்த எஞ்சினியரிங் மாணவன், புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். கலர் கலராகக் கட்டம் போட்ட பக்கங்களைச் செய்து பிளாப்பியில் கொண்டுவந்து பாவாவிடம் காட்டினான். "ஒருத்தருக்கோசரம் எல்லாரும் கருப்பு வெள்ளையில குந்திகினு இருக்கணுமா அண்ணா? இத்த போட்டா பசங்க கிளாஸுக்கு தானா வருவாங்க" என்றான். பாவா கெட்டவர் அல்ல. சென்டரில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது, என் அக்கா நிறைமாதம். கலர் பக்கங்களைப் போர்டில் போட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பாவா தினேஷோடு டீ குடிக்கப் போயிருந்தார், நான் மட்டும் சென்டரில் இருந்தேன். போன் அடித்தது, மோடம் கத்தியது, திரையில் ராஜேஸ்வரி அக்கா பெயர் வந்தது, உடனே லைன் அறுந்தது. மறுபடி அடித்தது, மறுபடி அறுந்தது. அவருடைய மோடம் கையால் நம்பரைச் சுற்றி, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துக் கீச்சல் கேட்டதும் பொத்தானை அழுத்துகிற ரகம் என்பது எனக்குத் தெரியும். அடுத்த முறை மணி அடித்ததும் மோடத்துக்கு முந்தி நான் ரிசீவரை எடுத்தேன்.

"அக்கா, நான் வள்ளி."

நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லிய குரல் வந்தது. "வள்ளியா? ஒண்ணுமே தெரியல கண்ணு. ஒரே நம்பரும் பிராக்கெட்டுமா ஓடுது. நான் வரக் கூடாதுன்னு எதுனா மூடிட்டீங்களா? சொல்லிட்டா நான் போன் பண்ண மாட்டேன்."

தினேஷின் கலர் குறிகள் அந்தப் பழைய பெட்டிக்குப் புரியவில்லை. "மூடலக்கா, லைன்லயே இருக்காதீங்க, வெச்சிட்டு கொஞ்ச நேரம் கழிச்சி வாங்க" என்று சொல்லிவிட்டு, பழைய பக்கங்கள் இருந்த பிளாப்பியைத் தேடி எடுத்தேன். அவற்றைத் தட்டச்சு செய்தவளே நான்தான், எதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கலர் எல்லாம் போயிற்று. கருப்புத் திரையில் பழைய வரவேற்பு வந்து நின்றது. ராஜேஸ்வரி அக்கா உள்ளே வந்தார், படித்தார், 'பாத்துட்டேன், நகர்றேன்' என்று போட்டார்.

திரும்பி வந்த பாவா திரையைப் பார்த்ததும் கத்தினார். "யார கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல. மூடிட்டீங்களான்னு மணவூர் அக்கா கேட்டாங்க. ஆங், மூடிட்டோம்னு நீங்களே எழுதிடுங்க பாவா, நான் மறுபடி கலர போட்டுடறேன்."

தினேஷ் "சின்னப் பொண்ணு பேச்ச கேப்பீங்களாண்ணா" என்று சிரித்தான். பாவா அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடவில்லை என்று ராஜேஸ்வரி அக்காவுக்கு எழுதினார். நாற்பதில் மடக்கி மடக்கி எழுதினார். தினேஷ் கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வரவே இல்லை. அவனோடு வந்திருக்க வேண்டிய பையன்களும் வரவில்லை. போகட்டுமே என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

போர்டு பிறகு நாலைந்து வருஷம் ஓடி, இணையம் வந்ததும் தானாக அடங்கியது. சென்டர் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். அந்த லைன் இல்லை, மோடம் இல்லை, டிவியில் செருகும் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ தெரியாது. அவை போனதற்கு நான் அழவில்லை. "குரூப் சாட்டுதான சித்தி, இதுக்குப் போயி இவ்ளோ ஏக்கமா?" என்று அக்கா மகன் கேட்கிறான். ஏக்கம் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேசுவதற்கு முன்னால் யாருடைய திரை சின்னது என்று பார்த்துப் பேசினோம், அது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன். கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

போன மாதம் பாவாவுக்கு அறுபதாம் கல்யாணம். அக்கா மகன் பொன் நிறத்தில், மயில் எல்லாம் போட்டு, எறும்பு எழுத்தில் பத்திரிகை செய்து, பழைய போர்டுக்காரர்களும் இருக்கும் எங்கள் குரூப்பில் போட்டான். எல்லோரும் கைகூப்பினார்கள், பூப் போட்டார்கள். மணவூரிலிருந்து மட்டும் எனக்குத் தனியாக ஒரு வரி வந்தது: 'ஒண்ணும் தெரியல வள்ளி.' ராஜேஸ்வரி அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துத்தான் படிக்கிறார், படத்தைப் பெரிதாக்கினால் மயில்தான் தெரிகிறது. நான் உட்கார்ந்து நாள், நேரம், மண்டபம், எந்த பஸ் என்று பத்திரிகை முழுவதையும் சின்னச் சின்ன வரியாக மடக்கி அந்தக் குரூப்பிலேயே போட்டேன். "இன்னா சித்தி, கவிதையா?" என்று அக்கா மகன் சிரித்தான். பாவா அவனுக்குப் பதில் எழுதவில்லை. என் வரிகளுக்குக் கீழே, தானும் மடக்கி, அவசியம் வர வேண்டும் என்று எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் மணவூரிலிருந்து பதில் வந்தது.

'பாத்துட்டேன், நகர்றேன்.'