பதினோரு நொச்சி இலைகள்

பேரனுக்குப் பெயர் வைத்த ஞாயிற்றுக்கிழமை நான் நாற்பத்திரண்டு நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். புதுக் குறுவை நெல் முப்பத்தாறு. சாப்பாட்டுக்கு வைத்திருந்த பழைய நெல் ஆறு. ஐப்பசி மழை விடவில்லை. எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர் ஈரம் படாத இடம் வேறு கிடைக்காமல், என்னைக் கேட்டுக்கொண்டுதான் கூடத்தில் அடுக்கினார். கம்ப்யூட்டர் மேஜைக்குப் போக ஒன்றேகால் அடி சந்து விட்டிருந்தார். வாக்கர் அதில் நுழையாது. குத்தகைக்காரரின் மனைவி ஏழு மணிக்கு என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். அதுவரை நான் எழுந்திருக்க முடியாது.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காக மனைவி போய் அறுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் போன பிறகு நான் வழுக்கி விழுந்ததில் இடது காலில் தகடு வைத்தார்கள். பேரனுக்கு அன்று முப்பதாம் நாள். தகடு அவனைவிட ஒரு நாள் மூத்தது. அவனுக்கு வைக்க இருந்தது என் அப்பாவின் பெயர். அதை மூன்று முறை சொல்ல வேண்டியவன் நான். அங்கே பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். நம் ஊர் நேரத்துக்கு ஒன்பதரைக்குள் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருப்பது பொத்தான் போன். அதில் முகம் தெரியாது. குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் கம்ப்யூட்டர்தான்.

ஏழு பத்துக்குப் போட்டேன். விளக்கு எரிந்தது, திரை நீலமானது, அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது எண்ணினேன்: தொண்ணூற்று நான்கு விநாடி. அடுத்த தடவை எழுபத்தொன்று. அதற்கடுத்து ஐம்பத்திரண்டு. குறைந்துகொண்டே போவது நல்லதாகப் படவில்லை. மருமகனுக்குப் போன் செய்தேன்.

அவர் பொறுமைசாலி. பிளக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். பின்னால் இருக்கும் ஒயர்களைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். ஆறு ஒயர், ஆறையும் செருகினேன். உள்ளே காற்றாடிச் சத்தம் கேட்கிறதா என்றார். காதை வைத்துக் கேட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது. அப்படியானால் சூடேறித்தான் அணைகிறது, காற்றாடியை எதுவோ பிடிக்கிறது என்றார்.

"உள்ள ஏதாவது விழுந்திருக்குமா மாமா?"

"எப்படி மாப்பிள்ளை விழும்? மூடித்தானே இருக்கு" என்றேன்.

போனில் அவருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, நெல்லுக்கு வைக்கிற மாதிரி அந்தப் பொட்டிக்குள்ளயும் நொச்சி வச்சீங்களா?"

அங்கே என் மகள் சிரிப்பது கேட்டது.

வைத்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் பழைய மூட்டையிலிருந்து அந்துப்பூச்சி கிளம்பி, கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளை வழியாக உள்ளே போனதைப் பார்த்தேன். நெல்லில் அந்து வராமல் நொச்சி போடுவோம், அதை இங்கேயும் போட்டால் என்ன என்று தோன்றியது. மூடியைக் கழற்றிப் பதினோரு இலை வைத்தேன். பச்சையாக இருந்தபோது அவை வைத்த இடத்தில் கிடந்தன. காய்ந்து சுருண்டதும் காற்று இழுத்துக்கொண்டது.

மருமகன் சிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு திருகாணியையும் கழற்றச் சொன்னார். மேஜை இழுப்பறையில் ஸ்குருடிரைவர் இருந்தது. மூன்று கழன்றன, நான்காவதற்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது. கை வியர்த்தது. முதுகில் மூட்டை இடித்தது. எழுந்து நின்றால் இரண்டு நிமிஷத்தில் முடியும் வேலை. உட்கார்ந்தபடியே பெட்டியைச் சாய்த்து இலைகளை எடுத்தேன். தூளும் முழுசுமாக ஒன்பது வந்தன. பத்தாவது இலை காற்றாடி இறக்கைக்குள் சிக்கியிருந்தது, அதையும் உருவி எடுத்தேன். பதினொன்றாவது இலையை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

மணி ஒன்பது எட்டு. போட்டேன். காற்றாடி சுற்றியது. நூற்றிருபது விநாடி எண்ணினேன், அணையவில்லை. அப்போதுதான் திரையில் அந்த வாசகம் வந்தது: புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே. மூன்று சதவீதம்.

அணைக்கலாமா என்று மருமகனைக் கேட்டேன். அணைத்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்றார். முப்பத்தைந்து வருஷம் மதகில் தண்ணீர் அளவு குறித்தவன் நான், ஏறுகிற அளவைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒன்பது இருபத்தைந்துக்கும் அது நாற்பத்தொன்றில் நின்றது. நாற்பத்தொன்றிலேயே நின்றது.

"போன்லயே சொல்லிடுங்க. நான் அவன் காதுகிட்ட வைக்கிறேன்" என்றாள் மனைவி.

"முகம் பாக்காமலா?"

"நேரம் போகுதுங்க."

சொன்னேன். எதிரில் மூட்டை, பின்னால் மூட்டை. நெல் மூட்டைகளைப் பார்த்து என் அப்பாவின் பெயரை மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவை பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. அது கணக்கில் சேருமோ சேராதோ என்று நான்காவதாக இன்னொரு தடவையும் சொன்னேன்.

"கேட்டுச்சுங்க" என்றாள். "சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பாத்தான்."

சத்தம் வந்த பக்கம் இருந்தது அவள் கையிலிருந்த போன்.

கம்ப்யூட்டர் ஒன்பது ஐம்பத்தெட்டுக்குத் திறந்தது. கூப்பிட்டேன். குழந்தை தூங்கிவிட்டிருந்தான். மகள் காமிராவைத் தொட்டில் பக்கம் திருப்பினாள். பின்மண்டை மட்டும் தெரிந்தது. எழுப்ப வேண்டாம் என்று நானே சொன்னேன். பிறகு அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

குத்தகைக்காரரின் மனைவி வரும் பதினோரு மணிக்கு இன்னும் நாற்பத்தொன்பது நிமிஷம் இருந்தது.